சுருள் எங்கே தொடங்குகிறது, விரலால் காட்டுங்கோ

என் சுருள் படங்களுக்கு முன்னால் வந்து நிற்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். "இது எங்க தொடங்குது? விரலால ஒருக்காக் காட்டுங்கோ." தொடலாம் என்றும் சொல்லிவிடுவேன். "இதில என்ன தெரியுது?" என்று கேட்டால் ஆட்கள் படத்தை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள், சரியான விடை அங்கே எழுதியிருக்கும் என்ற நினைப்பு. விரலால் காட்டச் சொன்னால் அந்தக் கூச்சம் வருவதில்லை. விரல் போகிற வழியைப் பார்த்தாலே அவர் உள்ளே போகிறாரா வெளியே வருகிறாரா, எந்த இடத்தில் தயங்குகிறார், எங்கே நிற்கிறார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். அப்புறம் அவராகவே கதைக்கத் தொடங்குவார்.

திருகோணமலை நகரில் ஓர் அச்சகத்தில் வேலை செய்கிறேன். கல்யாணக் காட், நினைவுமலர், திருவிழா நோட்டீஸ், கடைகளுக்குப் பனர், இவைதான் சோறு போடுகிற வேலை. இரவில் வீட்டில் மடிக்கணினியில் சுருள் வரைகிறேன், கையால் அல்ல, கட்டளை எழுதி. பீ5.ஜேஎஸ் என்ற இலவச மென்பொருள் அதற்குப் போதும். 2001 இல் கேசி ரீஸும் பென் ஃப்ரையும் தொடங்கிய, கட்டளை எழுதிப் படம் வரைவதற்கான 'புரொசெசிங்' என்ற மென்பொருளின் வழியில் வந்தது அது. என் படங்கள் கடைச் சுவரில் தொங்கியிருக்கின்றன. உப்புவெளியில் நண்பர்கள் ஒழுங்குசெய்த சிறு கண்காட்சியிலும் வைத்தோம். பார்த்தவர்கள் சொன்னதை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். இப்படியான படங்களைச் செய்து ஊராருக்குக் காட்ட நினைப்பவர்களுக்கு அதிலிருந்து உதவக்கூடியவற்றைச் சொல்கிறேன்.

சுருள் வரைய ஒரு கோணமும் ஒரு தூரமும் போதும். கோணம் கூடக் கூடத் தூரமும் ஒரே அளவாகக் கூடினால் சுற்றுகளுக்கு இடையே உள்ள வெளி எங்கும் ஒன்றாக இருக்கும். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸ் ஆராய்ந்து எழுதிய சுருள் அது. தூரம் கூட்டலாக இல்லாமல் பெருக்கலாக வளர்ந்தால் நடுவில் நெருங்கியும் வெளியே போகப் போக அகன்றும் வரும். அது மடக்கைச் சுருள். கணித மேதை யாக்கோப் பேர்னூலிக்கு இந்த இரண்டாவது சுருள் மேல் தீராத காதல். தன் நினைவுக்கல்லில் அதைச் செதுக்க வேண்டும் என்று விரும்பினார். 1705 இல் அவர் இறந்தார். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரப் பேராலயத்தில் இருக்கும் கல்லில் கல்தச்சர் செதுக்கியிருப்பதோ சம இடைவெளிச் சுருள். எனக்கு அந்தக் கல்தச்சர் மேல் ஒரு பரிவு உண்டு. சுருள் என்றதும் அவர் கைக்கு வந்தது அது. பார்வையாளர்களும் அப்படித்தான், தங்கள் கை பழகிய சுருளைத்தான் முதலில் காண்கிறார்கள்.

சந்தன நிறக் கடதாசியில் கறுப்புக் கோட்டில் ஒரு படம். ஐந்தாறு வயதுப் பெடியன் ஒருவன் பார்த்த உடனேயே "நுளம்புத்திரி" என்றான். தாய் அவன் வாயைப் பொத்தினார். "அக்கா கஷ்டப்பட்டுச் செய்திருக்கிறா, அப்பிடிச் சொல்லக் கூடாது." விடுங்கோ, சொல்லட்டும் என்றேன். அவன் கிட்டப் போய் இரண்டு விரல்களை நடுவில் வைத்து, இரண்டையும் எதிரெதிராக வெளியே இழுத்தான். "ரெண்டு திரி. இன்னும் பிரிக்கேல்ல." எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. அந்தப் படத்தில் ஒன்றுக்குள் ஒன்று புகுந்த இரண்டு கோடுகள் இருக்கின்றன. 180 பாகை தள்ளித் தள்ளி வரைந்தவை. அன்றைக்குப் பார்த்த பெரியவர்களில் யாருமே இரண்டு என்று சொல்லவில்லை. பெட்டிக்குள் நுளம்புத்திரி இரண்டிரண்டாகப் பின்னித்தான் வரும், உடையாமல் பிரிப்பது ஒரு வேலை. வீட்டில் யாரோ அதைப் பிரிக்கும்போது பக்கத்தில் இருந்து பார்த்த பிள்ளை அவன். அதனால் முதல் பாடம் இதுதான்: அன்றாடப் பொருள் ஒன்றின் பெயரைச் சொல்கிறவரை நிறுத்திவிடாதீர்கள். "சரி, எந்த இடத்தைப் பார்த்து அப்பிடிச் சொல்றீங்கள்?" என்று இன்னொரு கேள்வி கேளுங்கள். படத்தை ஆழமாகப் பார்த்தவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார்.

திருக்கடலூரிலிருந்து வந்த ஓர் ஐயாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடல் தொழிலை விட்டுக் கனகாலம் என்றார், பேரனின் கல்யாணக் காட் அடிக்க வந்தவர். கருநீலத்தில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் ஓடும் படம் ஒன்று சுவரில் இருந்தது. விரலைப் படத்தில் படவிடாமல் ஓர் அங்குலம் தள்ளிப் பிடித்துக்கொண்டு வெளி விளிம்பிலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே வந்தார். அவசரமே இல்லை. பாதிக்கு மேல் போனதும் விரல் நின்றது. திரும்பவும் வெளியே போய் வேறொரு பக்கத்தால் வந்தார். அதே சுற்றில் நின்றார். "இது மட்டும் வள்ளத்தத் திருப்பலாம் பிள்ளை. இதுக்கங்கால ஏலாது."

அவர் விரல் நின்ற இடம் நான் கணக்கை மாற்றிய இடம். வெளியே சம இடைவெளி. ஒரு குறிப்பிட்ட சுற்றுக்குப் பிறகு இடைவெளி ஒவ்வொரு சுற்றிலும் சுருங்குகிறது. மாற்றம் கண்ணுக்குப் படாதபடி மெதுவாகத்தான் வைத்திருந்தேன். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். நீர்ச்சுழியில் வேகத்தைப் பார்ப்பதைவிட, ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே எவ்வளவு இடம் கிடக்கிறது என்று பார்க்க வேண்டும், இடம் குறையத் தொடங்கினால் வெளிக்கிட்டுவிட வேண்டும் என்றார். அப்புறம் காட்டின் எழுத்து பெரிதாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவரால் நான் செய்கிற முறையே மாறியது. இடைவெளி மாறுகிற இடம்தான் பார்வையாளர் தங்குகிற இடம். ஒரு படத்தில் அது ஒன்றுதான் இருக்க வேண்டும். மூன்று நான்கு இடத்தில் இடைவெளியை மாற்றினால் கண் எங்கும் தங்குவதில்லை. "வடிவா இருக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். வடிவாக இருக்கிறது என்ற சொல்லோடு ஒருவர் போனால் அந்தப் படத்தில் அவருக்குப் பிடி கிடைக்கவில்லை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இனி நடுப்புள்ளி. ஒரே கணக்கு, ஒரே கோடு, ஒரே அளவு. ஒன்றில் நடு இருட்டு, மற்றதில் நடு வெளிச்சம். இருட்டு நடுவுள்ள படத்தில் விரல்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து உள்ளே போகின்றன. வெளிச்சம் உள்ளதில் நடுவிலிருந்து புறப்படுகின்றன. உள்ளே போகிறவர்கள் கிணறு, சுழி, புயல், குழி என்கிறார்கள். வெளியே வருகிறவர்கள் பூ, விளக்கு, சங்கு, குழந்தை என்கிறார்கள். கோட்டின் தடிப்பும் இதையே செய்யும்: வெளியே தடித்து உள்ளே மெலிந்தால் போகிறது, உள்ளே தடித்தால் வருகிறது. பொருள் சொல்வது அவரவர் வாழ்க்கை என்பது உண்மை, ஆனால் எந்தக் கதவால் அவர் நுழைவார் என்பதைத் தீர்மானிப்பது படம் செய்கிறவர்தான். 'பார்ப்பவர் எதை வேண்டுமானாலும் காணலாம்' என்று சொல்லிக் கைகழுவுவது எனக்குச் சம்மதமில்லை.

அதுவும் திருகோணமலையில். 2004 டிசம்பர் 26 இல் கடல் ஏறி வந்த ஊர் இது, அதற்கு முன்னும் பின்னும் யுத்தம். இருட்டு நடுப் படத்துக்கு முன்னால் ஒரு அம்மா நெடுநேரம் நின்றார். விரலை எடுத்துப் பாதி வழி கொண்டுபோய்விட்டுக் கையை இறக்கிக்கொண்டார். "இதுக்குள்ள போனது திரும்பி வராது" என்று மட்டும் சொன்னார். நான் வேறு ஒன்றும் கேட்கவில்லை, ஒரு கதிரை கொண்டுவந்து போட்டேன். அந்தச் சொல்லுக்கு விளக்கம் கேட்பதற்கு எனக்கு உரிமை இல்லை. அன்றிலிருந்து அந்தப் படத்தை வாசலுக்கு நேரே மாட்டுவதில்லை, பக்கச் சுவரில், விரும்பியவர் திரும்பிப் பார்க்கக்கூடிய இடத்தில் வைக்கிறேன். அதன் பக்கத்தில் யாரும் நின்று கேள்வி கேட்கக் கூடாது என்று கூட நிற்கிற தம்பி தங்கச்சிமாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். எங்கள் பகுதியில் படம் காட்டுகிற எவரும் இதை முதலிலேயே யோசித்துவைத்தால் நல்லது.

திசை இன்னொரு பெரிய விஷயம். மெல்லிய துணியில் அச்சடித்த சுருள் ஒன்றை யன்னலோரம் தொங்கவிட்டிருந்தோம். இரண்டு பெரியவர்கள், இருவரும் கோயில் காரியங்களில் ஊறியவர்கள், ஒருவர் இது வலம்புரி என்கிறார், மற்றவர் இடம்புரி என்கிறார். குரல் உயர்ந்துவிட்டது. போய்ப் பார்த்தால் ஒருவர் துணிக்கு முன்னாலும் மற்றவர் யன்னல் பக்கமாகப் பின்னாலும் நிற்கிறார்கள். தட்டையான சுருளை மறுபக்கத்தால் பார்த்தால் திசை மாறித்தான் தெரியும். சங்கிலேயே இந்தச் சிக்கல் உண்டு. சாதாரணமாகக் கிடைக்கிற சங்கை நாங்கள் இடம்புரி என்கிறோம். விலங்கியல் படித்தவர்கள் அதே சங்கின் கூர்முனையை மேலே பிடித்து, வாய் வலப்பக்கம் இருப்பதைப் பார்த்து வலச்சுருள் என்கிறார்கள். பிடிக்கிற விதம்தான் வேறு. பெரியவர்கள் இருவரையும் இடம் மாறி நிற்கச் சொன்னேன். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

உயர்தரத்தில் புவியியல் படிக்கிற ஒரு பிள்ளை வேறொரு படத்தைப் பார்த்து, "அக்கா, இது எங்கட பக்கத்துப் புயல் இல்ல" என்றாள். பூமியின் வடபாதியில் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்தான் சுழலும். படத்தில் இருந்தது தென்பாதிச் சுழற்சி. 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் இந்தக் கரையைத் தாண்டியபோது செய்மதிப் படத்தை வீட்டார் எல்லோரும் ஒரு போனில் பார்த்துக்கொண்டிருந்தார்களாம், அந்தச் சுழற்சி அவளுக்கு மனப்பாடம். நான் புயலை நினைத்து வரையவில்லை, ஆனாலும் அவள் சொன்னது பயனுள்ள தகவல். பள்ளிக்கூட வரைபில் மேல்நோக்கிப் போனால் எண் கூடும். இந்த மென்பொருளின் திரையிலோ கீழே போகப் போகத்தான் எண் கூடும். அதனால் கொப்பியில் இடஞ்சுழியாக வருகிற கணக்கு திரையில் வலஞ்சுழியாகிவிடும். திசை முக்கியம் என்றால் முதல் அச்சை எடுத்ததுமே கையில் வைத்துப் பாருங்கள். எங்கள் ஊரில் திசை பார்க்கிற கண்கள் அதிகம். கோயிலை வலம் வருகிறவர், புயலைப் பார்த்தவர், மாட்டின் நெற்றிச் சுழி பார்த்து விலை பேசுகிற தம்பலகாமத்து விவசாயி, எல்லோரும் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள்.

சுருளே இல்லாத சுருள் ஒன்றும் வைத்திருந்தேன். 1908 இல் ஜேம்ஸ் ஃப்ரேசர் வெளியிட்ட கண்மாயம் அது: ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள், ஒவ்வொரு வட்டமும் கறுப்பும் வெள்ளையுமாகச் சரிந்த சிறு கீற்றுகளால் ஆனது. எவர் பார்த்தாலும் உள்ளே சுழன்று போகிற சுருளாகத்தான் தெரியும். கணக்கு வாத்தியாருக்கும் அப்படித்தான் தெரிந்தது. தினமும் வாசலில் கோலம் போடுகிற ஒரு மாமி விரலை வைத்து ஓட்டினார், புறப்பட்ட இடத்துக்கே வந்தார். இன்னொரு வளையத்தில் ஓட்டினார், அதுவும் அப்படி. "இது முடியிற கோலம், போற கோலம் இல்ல" என்றார். கண் சொல்வதும் விரல் சொல்வதும் வேறாகும்போது ஆட்களுக்கு உண்டாகிற மகிழ்ச்சியை நேரில் பார்க்க வேண்டும், பக்கத்தில் நிற்பவரையெல்லாம் இழுத்துவந்து காட்டுவார்கள். ஒரு காட்சியில் இப்படி ஒன்றாவது இருந்தால் மற்றப் படங்களையும் விரலால் பார்க்கிற பழக்கம் தானாக வந்துவிடும். படங்களைத் துடைக்கக்கூடிய பூச்சுப் போட்டு அச்சடியுங்கள், அவ்வளவுதான்.

அடுத்தது விதைப் புள்ளிகளால் ஆன படம். கோடே கிடையாது. ஒவ்வொரு புள்ளியையும் முந்தையதிலிருந்து 137.5 பாகை திருப்பி, கொஞ்சம் வெளியே தள்ளி வைத்துக்கொண்டே போக வேண்டும். சூரியகாந்தியின் விதை அடுக்குக்கு ஹெல்மட் ஃபோகல் 1979 இல் தந்த கணக்கு. புள்ளி வைத்த வரிசையில் பார்த்தால் அது ஒற்றைச் சுருள். ஆனால் அதை ஒருவரும் காண்பதில்லை. இடப்பக்கம் ஒரு கூட்டம், வலப்பக்கம் ஒரு கூட்டம் என்று நான் வரையாத சுருள்கள்தான் எல்லோருக்கும் தெரிகின்றன. கோணத்தை 137.3 ஆக்கினால் ஒரு பக்கக் கூட்டம் மட்டும் மேலெழும். பஸ் நிலையத்தடியில் அன்னாசி வெட்டி உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு விற்கிற அண்ணை இதைப் பார்த்த மாத்திரத்தில் சுட்டுவிரலைக் கத்தி பிடிக்கிற மாதிரி சாய்த்து, ஒரு வரிசையைச் சரிவாக வெட்டிக்கொண்டு போனார். அன்னாசியின் கண்களை அவர் அப்படித்தான் எடுக்கிறார், சரிந்த வரிசையில் காடி போட்டு. அன்னாசியிலும் ஒரு பக்கம் 8, மறுபக்கம் 13 என்று இப்படியான வரிசைகள் ஓடுகின்றன. அவருக்குப் படம் புதிதாகவே இல்லை.

படித்த இளைஞர்கள் இந்த இடத்தில் பொன்விகிதம் (ஏறக்குறைய 1.618) என்ற பெயரைச் சொல்வார்கள், எந்தச் சுருளைக் கண்டாலும் சொல்வார்கள். அவர்களோடு கொஞ்சம் நின்று கதைப்பேன். பொன்விகிதச் சுருள் ஒரு முழுச் சுற்றில் ஏறக்குறைய 6.85 மடங்கு விரியும். அதற்கு உதாரணமாகக் காட்டப்படுகிற நாட்டிலஸ் என்ற கடல் உயிரியின் ஓடு ஏறக்குறைய 3 மடங்குதான் விரிகிறது. சொன்னால் கோபிப்பதில்லை, அளவுகோல் கேட்கிறார்கள். கேட்டால் கொடுங்கள்.

தலைப்பை முதலிலேயே ஒட்டாதீர்கள். ஒரு படத்துக்குக் கீழே 'கன்னியா' என்று துண்டு ஒட்டிய பிறகு வந்த எல்லோரும் அந்த ஊரின் வெந்நீர்க் கிணற்றைத்தான் கண்டார்கள். அங்கே இருக்கிற ஏழு கிணறுகளில் இது எது என்று கேட்டவர்களும் உண்டு. துண்டு ஒட்டும் முன் அதே படம் கரைவலைக் கயிறாகவும் கூந்தலாகவும் இருந்தது. தலைப்பு வேண்டுமென்றால் படத்தின் பின்பக்கம் எழுதி, கேட்டவருக்குத் திருப்பிக் காட்டலாம்.

அசைகிற சுருளை டிவியில் ஓட விடுவதென்றால் மெதுவாக ஓட விடுங்கள். உள்நோக்கிச் சுழல்வதைச் சிறிது நேரம் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்தால் சுவர் வீங்குவது போலத் தெரியும். 1849 இல் பெல்ஜிய இயற்பியலாளர் ஜோசப் பிளாத்தோ எழுதிவைத்தது இது. அசைவை உணரும் நரம்புகள் ஒரு திசைக்குப் பழகிக் களைத்துப்போவதால் வருவது, சற்று நேரத்தில் போய்விடும். ஆனால் சிலருக்குத் தலை சுற்றும். நொடிக்கு 3 தடவைக்கு மேல் பளிச்சிடும் எதையும் வைக்க வேண்டாம், வலிப்பு உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியபோது வேறொரு பிரச்சினை. கனடாவிலிருந்து சித்தி "அந்த ரோசாப்பூ இதழ்கள் நல்லா இருக்கு" என்று குரல் அனுப்பினார். படத்தில் இதழ் எதுவும் இல்லை. நெருங்கிய மெல்லிய கோடுகளைச் சிறிதாக்கும்போது திரையின் புள்ளிகளோடு அவை மோதி, இல்லாத வளைவுகளை உண்டாக்கும். போனால் படம் பிடித்தாலும் இதே கதி. அனுப்புவதற்கென்று கோடு தடித்த, சுற்றுக் குறைந்த இன்னொரு பிரதி செய்துவைப்பதே வழி. படமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்பினாலும் ஓரளவு தப்பும். சித்தியிடம் அது திரையின் வேலை என்று சொன்னேன். இதழ் உள்ளதாகவே ஒன்று செய்து அனுப்பு என்றார், செய்து அனுப்பினேன்.

எழுதி வைப்பதைப் பற்றி ஒன்று. சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள், 'பயத்தை வெளிப்படுத்தினார்' என்று உங்கள் சொல்லில் மாற்ற வேண்டாம். பக்கத்தில் விரல் போன வழியை ஓர் அம்புக்குறியாகப் போடுங்கள். மனநல மருத்துவர் ஹெர்மன் ரோர்ஷாக் 1921 இல் தன் 10 மைக்கறை அட்டைகளை வெளியிட்டபோதும், என்ன தெரிகிறது என்பதோடு நிற்காமல் கறையின் எந்தப் பகுதியில், எதனால் அப்படித் தெரிகிறது என்று கவனித்தார். அந்தக் கவனத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆளின் மனதை அளக்கிற வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கிணறு என்று சொன்னவர் துக்கத்தில் இருக்கிறார் என்று நாம் முடிவுகட்டக் கூடாது. அவர் வீட்டில் அன்றைக்குக் கிணறு இறைத்திருக்கலாம்.

அடுத்ததாக மூதூரில் ஒரு சுருளைத் தரையில் விரிக்க ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன், ஆட்கள் அதன்மேல் நடந்து பார்க்கும்படி. பனர் அடிக்கிற பிளெக்ஸ்தான், ஆனால் தடித்தது, மினுக்கமில்லாத பக்கம் மேலே வர வேண்டும், இல்லாவிட்டால் வழுக்கும். இரண்டு வாசல் வைத்த சுருளாக வரைந்திருக்கிறேன்: ஒரு கோட்டால் உள்ளே போனவர் நடுவில் திரும்பி மற்றக் கோட்டால் வெளியே வரலாம். சக்கர நாற்காலி திரும்புவதற்கு நடுவில் இடம் விட்டிருக்கிறது. மாரி தொடங்கினால் வெளியில் ஒன்றும் விரிக்க ஏலாது, ஆகவே ஒக்டோபருக்கு முன் முடிக்க வேண்டும். பிளெக்ஸ் துண்டுகளை ஒட்டுகிற இடத்தில் கோடு அரை அங்குலம் விலகுகிறது. இப்போதைக்கு அதைச் சரிசெய்வதுதான் வேலை.